கஞ்சித் துணியும் நைலான் சாக்ஸும்

“…அப்பம் நம்ம துணி மட்டமாயிருச்சா? ஆசுபத்திரிக்கெல்லாம் கட்டுத்துணி நெய்யுதவன் மக, நைலான மாட்டிக்கிட்டு ஓடுனான்னு ஊர்ல நாலு பேரு பேசவா?”

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் வைத்து அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள். அவருக்குப் பின்னால், என் ஓட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த தறிக்கூடத்து ஆட்கள். நான் ஷூ மாட்டிய காலோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஷூவுக்குள் காப்பிப்பொடி நிறத்தில், மெல்லிசாக ஒரு ஜோடி நைலான் சாக்ஸ். எனக்குப் பதிமூன்று வயது. எழுந்து ஓடவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது என்றால் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கல் எனக்குக் காட்டியது.

அப்பா அடுத்து என்ன செய்தார் என்பது இருக்கட்டும். இந்தக் கதையை இப்போது எடுக்க வைத்தது நம் நடைக் கூட்டத்துப் பேங்க்காரர்தான்.

போன வாரம் காலை நடையில் அவர் பாதி வழியில் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாரே, நினைவிருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஷூ. குதிகால் அப்பளம்போல உப்பியிருந்தது. “ஷூ வெளிநாடு, காலு உள்நாடு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல” என்று அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு நடந்தே போவதென்று நாமெல்லாம் பேசி வைத்திருக்கிறோம். (வெளியூர்க்காரர் யாராவது படித்தால் பதற வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த, மலைமேல் பெருமாள் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை.) அதற்கு என்ன சாக்ஸ் வாங்குவது என்று என்னிடம் கேட்டீர்கள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓட விட்ட டிரில் டீச்சர் அல்லவா நான். பருத்தி மட்டும் வேண்டாம் என்றேன்.

அவ்வளவுதான். நம் கூட்டத்தில் பாதிப்பேர் நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர் நடையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “டீச்சர், இந்த ஊர்ல நின்னுக்கிட்டு இந்தப் பேச்சுப் பேசலாமா? நாம தின்ன சோறு பஞ்சுல வந்ததுல்லா” என்றார். சட்டென்று எனக்கு அப்பா முன்னால் நிற்பது மாதிரியே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மாஸ்டர் கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

அப்பா சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. அங்கே புடவையும் வேட்டியும் கிடையாது. காயத்துக்குக் கட்டுகிற துணி மட்டும்தான். கண்ணறை கண்ணறையாக, கொசுவலையைவிடக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். தறியிலிருந்து இறங்கும்போது அது நீங்கள் மருந்துக் கடையில் பார்க்கிற வெள்ளைத் துணி அல்ல. பாவு நூல் தறியில் அறாமலிருக்கப் போட்ட கஞ்சியோடு பழுப்பாக, விறைப்பாக, புளித்த சோற்று வாசனையோடு இருக்கும். அதை வேகவைத்து வெளுத்த பிறகுதான் வெள்ளை வரும், மெதுவு வரும். அப்பாவின் சட்டையில், தலைமுடியில், அவர் உடைத்துத் தருகிற முறுக்கில்கூட அந்தக் கஞ்சி வாசம் இருக்கும். “நம்ம துணி போகாத ஆசுபத்திரி கெடையாது” என்பார். ஆனால் அவர் எந்த ஆஸ்பத்திரியிலும் படுத்ததில்லை. அந்தத் துணியை ஒருவர் உடம்பில் அவர் அதுவரை சுற்றிப் பார்த்ததும் இல்லை. முதலில் கிடைத்தது என் கால்தான்.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயம் நான் பெரியவளானேன். சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பேச்செல்லாம் என் ஓட்டத்தைப் பற்றித்தான். இனிமேல் பொட்டப்பிள்ளை ரோட்டில் ஓடுவதா என்றார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், அவள்தான் சத்தமாகப் பேசினாள். “ஓடுனது போதும். காலு வீட்டுக்குள்ள அடங்கட்டும்” என்றாள். அப்பாதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஓட்டப் பந்தயம் வருகிறது, அதுவரைக்கும் விடுங்கள் என்றார். அதில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண்பிள்ளைகளுக்கு மதுரையில் விடுதியோடு படிப்பு, பயிற்சி. வந்தால் அனுப்புவேன், வராவிட்டால் நானே நிறுத்திவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மறுநாள் தறிக்கூடத்திலும் சொன்னார். அங்கே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்: எம்மக நம்ம துணியக் கட்டிக்கிட்டுத்தான் ஓடுவா, பாருங்க.

ஷூ வாங்குவதற்கு என்னை பாய் கடைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பாய் அதோடு இரண்டு வகை சாக்ஸ் எடுத்துப் போட்டார். ஒன்று தடிமனான பருத்தி. இன்னொன்று நைலான், லேசாக மினுங்கியது. நைலானை அப்பா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, பிளாஸ்டிக் பையை எதற்குக் காலில் மாட்ட வேண்டும் என்று கேட்டார்.

“ஓடுத பிள்ளைக்கு இதான் நல்லதுண்ணே. வேர்வை தங்காது” என்றார் பாய்.

“பஞ்சுன்னா வேர்வையக் குடிச்சிரும்லா?”

“குடிக்கும்ணே. குடிச்சதத் துப்பணுமே.”

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு, சாக்ஸ் எங்கள் வீட்டிலேயே நெய்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். பாய் அன்று சிரிப்பு மூட்டாமல் விற்றிருந்தால் ஒருவேளை அப்பா வாங்கியிருப்பார். ஒரு நல்ல சொல் சில நேரம் வியாபாரத்தைக் கெடுத்துவிடுகிறது.

பிறகு தினமும் கட்டு. அம்மா மில்லில் காலை ஷிப்டுக்குப் போயிருப்பாள். விடிவதற்கு முந்தின அரை இருட்டில் அப்பா என்னைக் கூப்பிடுவார். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். வெளுக்காத கஞ்சித் துணிதான். வெளுத்த துணி வழுக்கும், கஞ்சி இருந்தால்தான் பிடிமானம் என்பது அவர் கண்டுபிடிப்பு. விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை, தறியில் நூல் ஏறுவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். அழகாகத்தான் இருக்கும். கடைசியில் முனையை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போடுவார். அறுந்த இழையை இணைக்கத் தறிக்காரர்கள் போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். நனைந்தால் இன்னும் இறுகும். சுருக்கென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “இனி ராசாவே வந்தாலும் அவுக்க முடியாது” என்று உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காலை உருவிக்கொள்ள முடியவில்லை.

ஓட ஆரம்பித்துச் செத்த நேரத்தில் வேர்க்கும். பஞ்சு குடிக்கும். குடித்ததைத் துப்பாது. கஞ்சி கரைந்து கூழாகும். ஷூவுக்குள் நான் கூழில் மிதிப்பது மாதிரி இருக்கும். ஓடி முடித்து வகுப்பில் உட்கார்ந்தால் அது காய்ந்து, மடிப்பு மடிப்பாக வடகம்போல விறைத்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் ஒரு கத்தி. சுண்டுவிரல் ஓரம், பெருவிரலுக்குக் கீழே, குதிகால் என்று முதலில் சிவந்தது. பிறகு நீர் கோத்தது. பிறகு தோல் உரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் முடியும். வெட்டினால் அப்பாவுக்குத் தெரியும். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றால், யாரிடம் சொல்வது? பெண்பிள்ளைக் கால் ஓட்டத்துக்குத் தாங்காது என்று சொல்வதற்குச் சொந்தம் பூராவும் காத்துக்கொண்டிருந்தது. கால் வலிக்கிறது என்று நான் சொல்கிற அன்றைக்கே என் ஓட்டம் முடிந்தது. சொல்லாவிட்டால் அந்தக் காலோடு ஓடி ஜெயிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. அங்கேதான் அந்தப் பருவம் முழுக்க நின்றேன்.

டிரில் வாத்தியாரிடம் ஒருநாள் புது ஷூவில் கால் கூசுகிறது என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். கல் ரோட்டில் கொஞ்சம் வெறுங்காலோடு நடந்தால் மரத்துப்போகும் என்றார். நல்ல மனுஷன். கண்மாய்க்கரைவரை எங்களோடு சைக்கிளில் வந்து, நான் பின்தங்கினால் மணியடித்துக்கொண்டே இருப்பார். அந்த மணிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் குதிகால் சுருங்குகிறது.

கட்டை அவிழ்ப்பது அத்தையின் வேலை. அப்பா சாயங்காலம் தறியில் இருப்பார். அத்தை கொண்டை ஊசியால் முடிச்சை நெம்புவாள். துணி தோலோடு ஒட்டியிருக்கும். வெந்நீர் விட்டு விட்டு உரிப்பாள். தோல் உரிந்த முதல் நாள் அவள் என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டாள், அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்புவதற்கு. நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அழுதேன். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“உன்ன ஓடாதேங்கேன், நீ கேக்க மாட்ட. அவன அப்படிக் கட்டாதேங்கலாம்னா, வாயத் தொறக்கவிட மாட்டேங்க. நான் யாருகிட்டட்டி போய் முட்டுவேன்?”

திரும்பி வந்து தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கால் முழுக்கப் பூசினாள். அன்றிலிருந்து தினமும் மஞ்சள். புதிதாகப் பெரியவளான பெண்ணின் காலில் மஞ்சள் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? காலையில் அரை இருட்டில் அப்பா பார்த்ததெல்லாம் மஞ்சள்தான். சடங்கு கழிந்த பிள்ளை, அக்கா பூசிவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மேலே துணியைச் சுற்றினார். ரத்தம் பட்ட துணியை அத்தை அவர் வருவதற்குள் அலசி, கொல்லைக் கொடியில் சேலைக்குப் பின்னால் காயப்போட்டுவிடுவாள். நானோ அவளைத்தான் என் சிறைக்காவல்காரி என்று நினைத்திருந்தேன்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் அத்தை கட்டை அவிழ்த்தாள், கழுவினாள், வெறும் எண்ணெய் மட்டும் தடவினாள். மஞ்சள் பூசவில்லை. நாளைய யோசனையில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவும் அன்று பஸ்ஸில் கால் வீங்கும், கட்டு அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஊர் பார்க்கிற நாள் என்று, பழுப்பை விட்டுவிட்டு வெளுத்த துணியில் ஒரு சுருள் எடுத்து வைத்திருந்தார். காலையில் கிளம்பும்போது அத்தை என் கையில் ஒரு துணிப்பை தந்தாள். மேலே புளிச்சோற்றுப் பொட்டலம். “சோத்த பொறவு தின்னு. மொதல்ல அடியில கைய விடு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அப்பா ஆட்களோடு டீ குடிக்கப் போனார். நான் தேரடியில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டேன். வாழை இலைக்குக் கீழே, பாய் கடையில் பார்த்த அதே நைலான். அத்தை தானாகக் கடைக்குப் போகிறவளே இல்லை. எப்படிப் போனாள், பாயிடம் என்ன சொல்லி வாங்கினாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. மாட்டிப் பார்த்தேன். காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. என் காலையே நான் வெகுநாள் கழித்துப் பார்க்கிற மாதிரி விரல்களை அசைத்துக்கொண்டிருந்தேன். எதிரே தேர், தகரத் தடுப்புக்குள் நின்றது. அவ்வளவு பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் உள்ளேயே நிற்கிறதே என்று அதன்மேல் எனக்குப் பாவமாக வந்தது. அவசரமாக ஷூவை மாட்டி நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். கணுக்காலில் காப்பிப்பொடி நிறம் தெரிந்தது. அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

பந்தயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத வீதிகளைச் சுற்றி ஓட வேண்டும். தேரடியில் கிளம்பி முதல் முக்குத் திரும்புவதற்குள், என் கணுக்காலைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி அவிழ்ந்து ஒரு காலிலிருந்து விழுந்தது. நாலு எட்டுத் தள்ளி இன்னொன்றும் விழுந்தது. வீதியோரம் நின்ற எங்கள் தறி ஆட்கள், கட்டுப் போச்சே கட்டுப் போச்சே என்று தலையில் கை வைத்தது எனக்குத் தெரிந்தது. நான் நிற்கவில்லை. பழைய ரணம் எரியத்தான் செய்தது. ஆனால் புதிதாக ஒன்றும் உரியவில்லை. பால்கோவாக் கடைகளில் பால் காய்கிற வாசனையைத் தாண்டி, கோபுரத்து நிழலைத் தாண்டி, கடைசி வீதியில் ஒருத்தியைப் பிடித்தேன். மூன்றாவதாக வந்தேன். மதுரைக்குப் போனேன். டீச்சரானேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

தெரியாதது இது. அப்பா சாகிறவரை தறிக்கூடத்தில் அவரை விடாமல் கேலி செய்தார்கள். மேஸ்திரி போட்ட முடிச்சு மட்டும் நின்றிருந்தால் பிள்ளைக்கு முதல் பரிசு என்பார்கள். யாராவது பாவில் இழையை இணைத்தால், “ஏலே, மேஸ்திரி முடிச்சுப் போட்டுறாத, அவுந்துரும்” என்று சிரிப்பார்கள். முடிச்சுக்குப் பேர்போன மனுஷன் அவர். அவரோ, ஆமாமா, அன்னைக்கு என்னமோ கை வாகு சரியில்ல என்று அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

இனி உங்கள் சாக்ஸ் விஷயம். மாஸ்டர் மன்னிக்க வேண்டும், வேட்டிக்கும் துண்டுக்கும் பருத்திதான் ராஜா. ஷூவுக்குள் மட்டும் வேண்டாம். கொப்புளம் வருவது நனைந்த தோலும் நனைந்த துணியும் உரசிக்கொள்வதால்தான். வேர்வையை வெளியே தள்ளுகிற செயற்கை இழையாகப் பாருங்கள். கம்பளி கலந்த மெல்லிசும் நல்லதுதான், நம் வெயிலுக்கா என்று சிரிக்காதீர்கள். உள்ளே கையை விட்டு விரல் நுனித் தையலைத் தடவிப் பாருங்கள், நெருடினால் வாங்காதீர்கள். அளவு பெரிதானால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் ரணம். சாக்ஸின் குதிகால் நம் குதிகாலில் போய் உட்கார வேண்டும். மெல்லிசாக ஒன்றுக்குமேல் ஒன்று போட்டால், உரசல் அந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும், தோலுக்கு வராது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரலிடுக்கில் வாசலின் தடவுங்கள். புதுசை மலைக்குப் போகிற அன்று முதன்முதலாக மாட்டாதீர்கள், இந்த வாரமே போட்டு நடந்து பழக்குங்கள். பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும், நனைந்தால் மாற்றிக்கொள்ள. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓரிடத்தில் சூடாகக் கடிக்க ஆரம்பித்தால் கூட வருகிறவர்களுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு நடக்காதீர்கள். உட்கார்ந்து காலைக் காட்டுங்கள்.

நான் காட்டவில்லை. அன்று அப்பாதான் பார்த்தார்.

நாலு பேரு பேசவா என்று கேட்டுவிட்டு, ஆட்கள் பக்கம் முதுகைக் காட்டி என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். என் காலை எடுத்து மடியில் வைத்தார். நாடாவை உருவி ஷூவைக் கழற்றினார். நைலானைக் கணுக்காலிலிருந்து கீழே உருட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல வெயில் அடித்தது. மஞ்சள் இல்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்காததால் கண்ணைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் ரணத்துக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்றது.

பின்னாலிருந்து ஒரு ஆள், “என்ன மேஸ்திரி, கட்டலையா? விசில் அடிக்கப் போறான்” என்றார்.

அப்பா நைலானை மெதுவாக மேலே ஏற்றினார். விரல் நுனியில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டார். குதிகாலைக் குதிகாலில் உட்கார வைத்தார். ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினார். இரண்டாவது காலுக்கும் அப்படியே. பிறகு வெள்ளைச் சுருளைப் பிரித்து, ஷூவின் கழுத்துக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி, தெருவுக்கே தெரிகிற மாதிரி ஏற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக, எப்போதும்போல அழகாக. பின்னால் ஆட்கள் கைதட்டினார்கள். முனையை இரண்டாகக் கிழித்தார். இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவந்தார். நான் அந்தச் சுருக்கென்ற இழுப்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முடிச்சுப் போடவில்லை. நுனிகளை மடிப்புக்குள் லேசாகச் செருகினார். உள்ளங்காலில் தட்டாமல், என் காலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, கையை எடுத்துக்கொண்டார்.